ஆஞ்சியோ என்ற ஒரே சொல்

எங்கள் பக்கத்தில் "ஆஞ்சியோ" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு காரியங்களைப் பேசுகிறோம். பள்ளத்தூரிலோ காரைக்குடியிலோ ஒருவர் "அவருக்கு ஆஞ்சியோ செய்துவிட்டார்கள்" என்று சொன்னால், இதயத்தின் இரத்தக் குழாயைப் படம் எடுத்துப் பார்த்தார்களா, அடைப்பை விரித்து, அது மூடாமல் இருக்க ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழலை வைத்தார்களா என்று கேட்பவருக்குப் புரியாது. பல நேரம் சொல்பவருக்கே தெரியாது. முதலாவது ஆஞ்சியோகிராம், அது பரிசோதனை. இரண்டாவது ஆஞ்சியோபிளாஸ்டி, அது சிகிச்சை. இந்தக் குழப்பம் என் அண்ணன் வீட்டில் என்ன பாடு படுத்தியது என்பதை நான் அருகிலிருந்து பார்த்தேன். அதனால்தான் என் முறை வந்தபோது முதல் நாளே சில கேள்விகளைக் கேட்டு வைத்துக்கொண்டேன்.

எனக்கு வயது 61. அரசுப் பள்ளியில் 28 ஆண்டுகள் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். 12 ஆண்டுகளாகச் சர்க்கரை உண்டு. ஓய்வுக்குப் பிறகு என் கைக்கு வேலை கொடுப்பது கொட்டான் என்ற ஓலைக் கூடை முடைவதுதான். சாயம் ஏற்றிய பனை ஓலையைக் கீறி, விசேஷ வீடுகளுக்குக் கேட்கிற அளவில் முடைந்து கொடுப்பேன்.

போன ஆண்டு மாசி மாதம் குன்றக்குடி மலைப்படியில் பாதி ஏறியபோது கீழ்த்தாடையை யாரோ பிடித்து இறுக்குவது போல இருந்தது. நெஞ்சில் ஒன்றும் இல்லை. ஓரமாக உட்கார்ந்தேன், ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. அதன் பிறகு வீட்டிலேயே வந்தது. எங்கள் செட்டிநாட்டு வீடுகள் முகப்பிலிருந்து அடுப்படிவரை கட்டு கட்டாக நீண்டு கிடப்பவை. முகப்பில் யாரோ அழைத்தார்கள் என்று அடுப்படியிலிருந்து வேகமாக நடந்தால், இரண்டாங்கட்டைத் தாண்டுவதற்குள் தாடை இறுகும். வளவில், அதாவது உள்முற்றத்தில், தூணைப் பிடித்து நின்றால் விட்டுவிடும். வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்தேன். பெருங்காயம் போட்ட மோர் குடித்தேன். இப்படியே மூன்று மாதம் போனது. பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் இதய வலி நெஞ்சில்தான் வரவேண்டும் என்பதில்லை. தாடை, முதுகு, தோள், வெறும் களைப்பு என்று எந்த வேடத்திலும் வரலாம். நடந்தால் வருகிறது, நின்றால் போகிறது என்பதே பெரிய அடையாளம். வகுப்பறையில் அத்தனை ஆண்டுகள் இதயத்தைப் பற்றிப் பேசிய எனக்கே இது உறைக்க மூன்று மாதம் ஆயிற்று என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

காரைக்குடியில் எடுத்த ஈசிஜி நன்றாக இருந்தது. இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கிற எக்கோவும் நன்றாக இருந்தது. ட்ரெட்மில்லில் நடக்கவிட்டபோது நான்காவது நிமிடத்தில் ஈசிஜி கோடுகள் மாறின, தாடையும் இறுகியது. "ஆஞ்சியோகிராம் செய்து பார்த்துவிடுவோம்" என்று மருத்துவர் சொன்னார். மதுரையில் செய்வதாக முடிவானது.

அன்று இரவு வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. எல்லோருக்கும் என் அண்ணனின் நினைவு வந்துவிட்டது. ஆறு ஆண்டுகளுக்கு முன் அவர்களும் என்னைப் போலத்தான், நடந்தால் வருகிற வலி, நின்றால் போகிற வலி. வேறொரு ஊரில் ஒரு மருத்துவமனைக்குத் தாமே நடந்து போய் ஆஞ்சியோகிராமுக்குப் படுத்தார்கள். கால் மணி நேரத்தில் வெளியே இருந்த அண்ணமிண்டியை (அண்ணன் மனைவியை) உள்ளே அழைத்துத் திரையைக் காட்டி, "இரண்டு இடத்தில் பெரிய அடைப்பு. இப்போதே ஸ்டென்ட் வைத்துவிடலாமா? இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்றார்கள். அண்ணமிண்டிக்குத் திரையில் தெரிந்தது என்ன என்றே புரியவில்லை. மகன்களுக்குப் போன் செய்ய ஐந்து நிமிடம் கேட்டார்கள். "அவர் மேசையில் படுத்திருக்கிறார்" என்று பதில் வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். உள்ளே அண்ணன் பரபரப்பான குரல்களைக் கேட்டுத் தனக்கு உயிருக்கே ஆபத்து வந்துவிட்டதாக நினைத்து அழுதிருக்கிறார்கள். இன்று அண்ணன் நலமாக இருக்கிறார்கள். அந்த ஸ்டென்ட் தேவையில்லை என்று சொல்ல நான் யாரும் இல்லை. ஆனால் முதல் நாள் மாலை ஆற அமரக் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, யோசிக்க முடியாத இரண்டு நிமிடத்தில் கேட்டார்களே என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் தீரவில்லை.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். நெஞ்சு வலி வந்து, ஈசிஜியில் மாரடைப்பு என்று தெரிந்துவிட்டால், நான் எழுதுகிற இந்த நிதானத்துக்கெல்லாம் இடமே கிடையாது. அப்போது ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது. 108-ஐ அழைத்து, மருத்துவர் சொல்வதைச் செய்து, கேட்கிற இடத்தில் உடனே கையெழுத்துப் போடுங்கள். நான் பேசுவது, வீட்டிலிருந்து பையோடு கிளம்பி, தேதி குறித்துப் போகிற ஆஞ்சியோகிராமைப் பற்றி.

மருத்துவரிடம் முதல் நாளே கேட்டேன்: "அடைப்பு இருந்தால் அங்கேயே ஸ்டென்ட் வைப்பீர்களா, வெளியே வந்து பேசுவோமா?" அவர் முகம் சுளிக்கவில்லை. இடது பக்கத்து முதன்மைக் குழாயில் பெரிய அடைப்பு போன்ற ஆபத்தான நிலை என்றால் உடனே குடும்பத்தைக் கூப்பிட்டுச் சொல்வதாகவும், மற்றபடி பார்த்துவிட்டு வெளியே வந்து படத்தை வைத்துப் பேசலாம் என்றும் சொன்னார். அதையே ஒப்புதல் படிவத்திலும் எழுதச் சொன்னேன், எழுதினார். ஒரே தடவையில் முடித்துவிடலாம், இன்னொரு முறை குத்த வேண்டாம், செலவும் குறையும் என்று நினைப்பவர்களும் உண்டு. அதுவும் நியாயமான முடிவுதான். எந்த முடிவானாலும் அதை மேசையில் படுப்பதற்கு முன் எடுத்துவிட வேண்டும்.

அடுத்து நான் கேட்டது என் கையைப் பற்றி. மணிக்கட்டுத் தமனி வழியாக மெல்லிய குழாயை இதயம்வரை செலுத்திச் செய்வதாகச் சொன்னார்கள். வலது மணிக்கட்டு. ஓலை கீறுகிற கை அது. "இடது கையில் செய்ய முடியுமா ஐயா?" என்றேன். "செய்யலாம் அம்மா. ஆனால் முதலில் இதைப் பாருங்கள்" என்று சொல்லி என் வலது கையை மூடித் திறக்கச் சொன்னார். மணிக்கட்டின் இரு பக்கமும் இரண்டு கட்டைவிரல்களால் அழுத்தினார். உள்ளங்கை வெளுத்து மெழுகு போல ஆனது. சுண்டுவிரல் பக்கம் அழுத்திய தன் கட்டைவிரலை மட்டும் எடுத்தார். நான் எண்ணினேன்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அதற்குள் கை முழுவதும் சிவப்பு பரவிவிட்டது. கைக்கு இரண்டு தமனிகள் இரத்தம் கொண்டுவருகின்றன, உள்ளங்கையில் இரண்டும் வளைந்து இணைகின்றன. ஒன்றில் குழாய் போனாலும் மற்றது கையைக் காப்பாற்றும். சிலருக்கு அந்த மணிக்கட்டுத் தமனி பிறகு அடைபட்டுப் போவதும் உண்டு, அப்போதும் இரண்டாவதுதான் துணை. என் கண்ணாலேயே அதைப் பார்த்த பிறகு வலது கையையே கொடுத்துவிட்டேன்.

முன்பெல்லாம் தொடை இடுக்கு வழியாகத்தான் பெரும்பாலும் செய்தார்கள். மணிக்கட்டு வழியை 1989-இல் கனடாவின் மான்ட்ரியலைச் சேர்ந்த லூசியன் காம்போ என்ற மருத்துவர் வெளியுலகுக்குக் காட்டினார். இதில் இரத்தக் கசிவு குறைவு, முடிந்ததும் எழுந்து உட்காரலாம். தொடை வழியாகச் செய்தால் காலை மடக்காமல் பல மணி நேரம் மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். மணிக்கட்டுத் தமனி மெலிதாக இருந்தால் தொடைக்கு மாற வேண்டி வரலாம் என்பதால் இரண்டு இடத்திலும் முடியை மழித்துவிடுவார்கள். கூச்சப்பட வேண்டாம்.

வீட்டிலிருந்து கிளம்பும்போது செய்ய வேண்டியவை அதிகம் இல்லை. எனக்கு ஆறு மணி நேரம் உணவு கூடாது என்றார்கள். தண்ணீர் எதுவரை குடிக்கலாம் என்பதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரைகளில் எதை நிறுத்த வேண்டும் என்று பெயர் பெயராகக் கேளுங்கள். எனக்கு மெட்ஃபார்மினை நிறுத்தி, பிறகு சிறுநீரகப் பரிசோதனை சரியாக வந்த பின் இரண்டு நாள் கழித்துத் தொடங்கச் சொன்னார்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாமாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் இருக்கவும் கூடாது. முன்பு எப்போதாவது ஸ்கேன் மருந்து ஏற்றியபோது தடிப்பு வந்ததா, ஆஸ்துமா உண்டா என்று கேட்பார்கள். கிரியாட்டினின் பரிசோதனை கட்டாயம் இருக்கும், ஏனென்றால் படத்தில் இரத்தக் குழாய் தெரிவதற்காக ஏற்றுகிற சாய மருந்தை வெளியேற்றுகிற வேலை சிறுநீரகத்தின் தலையில்தான் விழுகிறது.

பெண்கள் வெளியே சொல்லத் தயங்குகிற ஒரு விஷயம் தாலி. நெஞ்சுக்கு மேல் உலோகம் இருந்தால் படத்தில் குழாயை மறைக்கும். ஆடை மாற்றுகிற இடத்தில், அவசரத்தில், யாரோ ஒருவர் "கழற்றுங்கள்" என்று சொல்லும்போது மனம் கலங்கிவிடும். நான் முதல் நாளே தாலிச் சங்கிலியை வீட்டில் சாமி அறையில் வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றுக்கு மாறிக்கொண்டேன். வளையல், மூக்குத்தி எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது.

விடியற்காலை நான்கரைக்குக் கிளம்பி, திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரை போய்ச் சேர்ந்தோம். காத்திருந்த இரண்டு மணி நேரமும், இந்தச் சோதனை எப்படிப் பிறந்தது என்று என் கணவரிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். பயத்தை விரட்ட எனக்குத் தெரிந்த வழி பாடம் நடத்துவது. 1929-இல் ஜெர்மனியில் எபர்ஸ்வால்டே என்ற ஊரில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் மருத்துவர் தன் கையின் இரத்தக் குழாய் வழியாகத் தானே ஒரு மெல்லிய குழாயைச் செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போய், அது தன் இதயத்துக்குள் இருப்பதைப் படம் பிடித்துக் காட்டினார். அப்போது அவரைக் கண்டித்தார்கள். 1956-இல் வேறு இருவரோடு சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள். 1958-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் என்ற மருத்துவர் ஒரு நோயாளியின் பெருந்தமனியில் சாயம் செலுத்த முயன்றபோது, குழாயின் நுனி தவறி வலது இதயத் தமனிக்குள் போய்விட்டது. சாயம் நேராக அதற்குள் பாய்ந்தது. நோயாளி பிழைத்தார். அந்தத் தவறிலிருந்துதான் இன்றைய ஆஞ்சியோகிராம் வந்தது. அடைப்பைப் பலூனால் விரிக்கிற ஆஞ்சியோபிளாஸ்டியை ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் ஜூரிச்சில் முதன்முதலில் செய்தது 1977-இல். நடுவில் 19 ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளும் ஆஞ்சியோகிராம் என்றால் பார்த்துவிட்டு வெளியே வருவதுதான். மருந்தா, அறுவையா என்பதை அதன் பிறகுதான் பேசினார்கள். இரண்டும் ஒரே மேசையில், ஒரே குழாய் வழியாக நடக்க ஆரம்பித்த பிறகே நம் நாக்கில் இரண்டும் ஒரு சொல்லாகிவிட்டன.

"உள்ளே போகலாமா ஆச்சி?" என்று செவிலியர் பெண் வந்து கேட்டாள். தேவகோட்டைப் பெண்ணாம், அந்த "ஆச்சி" என்ற சொல்லே எனக்குப் பாதி மருந்து.

அறை குளிர்ந்து கிடந்தது. மேசை ஒரு ஆள் படுக்கிற அகலம்தான். முழு மயக்கம் கிடையாது. விழித்தபடியே இருப்போம், பேசலாம், இருமலாம். மணிக்கட்டில் மருந்து தடவியபோது சில்லென்றிருந்தது. மரத்துப்போகிற ஊசி கட்டெறும்பு கடித்தது போல. அடுத்து ஒரு அழுத்தம். அதோடு வலி முடிந்தது என்று நினைத்தால், தமனி சுருங்காமல் இருக்க மருந்து ஏற்றும்போது முழங்கைவரை மிளகாய் அரைத்த கை போல எரிந்தது. அரை நிமிடம். இதை யாரும் எனக்கு முன்னால் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன். உள்ளே போகிற குழாய் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் தடிமன், தேன்குழல் இழையைவிட மெலிது; ஒரு மீட்டர் நீளம். அது தோளைத் தாண்டி இதயத்தின் வாசலுக்குப் போனது எனக்குத் தெரியவே இல்லை.

தலைக்கு மேல் பெரிய வளைந்த கருவி இடமும் வலமும் திரும்பியது. சில கோணங்களில் முகத்தின் அருகே வந்துவிடும். கண்ணை மூடிக்கொள்ளலாம், இடிக்காது. "மூச்சை இழுத்துப் பிடியுங்கள்" என்பார்கள், சாயம் பாயும், "விடுங்கள்" என்பார்கள். ஒருமுறை சாயத்தை அதிகமாக ஏற்றியபோது நெஞ்சில் தொடங்கிய சூடு வயிறு வழியாக இறங்கியது. சிறுநீர் போய்விட்டது என்றே நினைத்துத் துடித்துப்போனேன். "போகவில்லை ஆச்சி, எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும்" என்று அந்தப் பெண் காதருகே சொன்னாள். பத்து நொடியில் சூடு ஆறியது.

தலையைச் சற்றுத் திருப்பினால் திரை தெரிந்தது. சாயம் பாய்ந்த ஒரு கணம், இலை உதிர்ந்த வேலமரக் கிளை ஒன்று இருட்டில் தோன்றி, துடித்து, மறைந்தது. மறுபடி தோன்றியது. என் இதயம் தனக்கே சோறு போட்டுக்கொள்கிற குழாய்கள். 28 ஆண்டுகள் சிவப்பு, நீலச் சுண்ணக்கட்டியால் கரும்பலகையில் இதயம் வரைந்திருக்கிறேன். நான்கு அறைகள், வால்வுகள், பெருந்தமனி எல்லாம் வரைந்தேன். இந்தக் கிளைகளை ஒருநாளும் வரைந்ததில்லை. எத்தனையோ லிட்டர் இரத்தத்தை அள்ளி இறைக்கிற இதயம், உள்ளே ஓடுகிற அந்த இரத்தத்தால் பசியாறுவதில்லை, வெளியே படர்ந்த இந்த மெல்லிய கிளைகளை நம்பித்தான் உயிர் வாழ்கிறது என்று என் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தந்திருக்க வேண்டும். மேசையில் படுத்தபடி அதை நினைத்துக் கண் கலங்கினேன். வலிக்கிறதோ என்று மருத்துவர் கேட்டார்.

இருபது நிமிடத்தில் முடிந்தது. மணிக்கட்டில் காற்று அடைத்த தெளிவான பிளாஸ்டிக் பட்டையைக் கட்டி அனுப்பினார்கள். செவிலியர் சிறிது நேரத்துக்கு ஒருமுறை வந்து ஊசிக் குழலால் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்கினாள். இரண்டாவது முறை இறக்கியபோது பட்டைக்கு அடியில் ஒரு சொட்டு சிவப்பு எட்டிப் பார்த்தது. உடனே காற்றைத் திரும்ப ஏற்றி, அரை மணி நேரம் கழித்து மறுபடி இறக்கினாள். பயப்பட ஒன்றும் இல்லை. விரல்கள் நீலம் பாய்ந்தாலோ, மரத்தாலோ, முன்கை வீங்கி இறுகினாலோ உடனே கூப்பிடுங்கள். வீட்டுக்குப் போன பிறகு கசிந்தால் அந்த இடத்தைக் கெட்டியாக அழுத்திப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள். சாயம் வெளியேற நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். இதயம் பலவீனமானவர்கள் அளவு கேட்டுக் குடிக்க வேண்டும். எனக்கு அன்று மாலை இட்லி கொடுத்தார்கள். அதைவிட ருசியான இட்லியை நான் சாப்பிட்டதில்லை.

ஆபத்தே இல்லையா என்றால், உண்டு. இரத்தக் கசிவு, ஒவ்வாமை, சிறுநீரகச் சிக்கல், மிக அபூர்வமாகப் பக்கவாதமோ மாரடைப்போ. தேதி குறித்துச் செய்கிற ஆஞ்சியோகிராமில் பெரிய சிக்கல் நூறில் ஒருவருக்கும் குறைவு, உயிருக்கு ஆபத்து ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. ஒப்புதல் படிவத்தில் இதெல்லாம் வரிசையாக இருக்கும். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மறுநாள் காலை மருத்துவர் தன் அறையில் படத்தை ஓட்டிக் காட்டினார். என் கணவர் பக்கத்தில். சிங்கப்பூரிலிருந்து மகன் போனில். இடது முன் தமனியின் நடுவில் 40 சதவீதம், அதிலிருந்து பிரிகிற ஒரு சிறு கிளையில் 80 சதவீதம். முதன்மைக் குழாய் சுத்தம். 80 என்று கேட்டதும் மகன், "ஆத்தா, உடனே ஸ்டென்ட் வைத்துக்கொள்ளுங்கள், பணத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம்" என்றான். மருத்துவர் பொறுமையாக விளக்கினார். பொதுவாக 70 சதவீதத்துக்கு மேல் போனால் கணக்கில் எடுப்பார்கள், இடது முதன்மைக் குழாயில் மட்டும் 50 சதவீதமே கணக்கு. ஆனால் சதவீதம் கண்ணால் மதிப்பிடுவது. எந்தக் குழாய், எவ்வளவு தசைக்குச் சோறு போடுகிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். சந்தேகமான இடத்தில் அடைப்புக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளக்கிற கம்பியும் உண்டு. 2020-இல் வெளிவந்த இஸ்கீமியா என்ற ஆய்வில், நடந்தால் மட்டும் வலி வருகிற நிலையான நோய் உள்ள 5,000-க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தார்கள். முதலிலேயே ஸ்டென்டோ பைபாஸோ செய்துகொண்டவர்களுக்கும், மருந்தில் தொடங்கியவர்களுக்கும் சாவிலோ மாரடைப்பிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. வலி குறைவதில் முதல் பிரிவுக்கு நன்மை இருந்தது. இடது முதன்மைக் குழாய் அடைப்பு உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. மருந்தை மூன்று மாதம் ஒழுங்காக எடுத்து, வலி குறையவில்லை என்றால் அந்தக் கிளைக்கு ஸ்டென்ட் வைக்கலாம் என்று முடிவு செய்தோம். போனில் மகன் நான்கு கேள்வி கேட்டான். நான்குக்கும் பதில் கிடைத்தது. அந்த உரையாடல் முக்கால் மணி நேரம் நீண்டது. அண்ணமிண்டிக்குக் கிடைத்தது இரண்டு நிமிடம்.

ஒரு வாரம் தண்ணீர்க் குடம் தூக்கவில்லை, மாவு ஆட்டவில்லை. ஒன்பதாம் நாள் ஓலையைக் கையில் எடுத்தேன். மணிக்கட்டில் கடுகளவு தழும்பும், அதைச் சுற்றி மஞ்சளும் பச்சையுமாக ஒரு கன்றலும். கீறிப் பார்த்தேன், கை சொன்னபடி கேட்டது. ஐந்து மாதம் ஆகிறது, தாடை இரண்டே முறை இறுகியது. படக் குறுந்தகட்டை ரேஷன் அட்டை, ஆதார் வைத்திருக்கிற பெட்டியில் வைத்திருக்கிறேன். நாளை வேறு மருத்துவரிடம் போனாலும் அது வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டு ஆச்சி வந்து என் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்தார்கள். முகம் வாடியிருந்தது. "எனக்கும் ஆஞ்சியோ செய்ய வேண்டுமாம்" என்றார்கள்.

"எந்த ஆஞ்சியோ, ஆச்சி?" என்று கேட்டேன்.

சற்று நேரம் என்னைப் பார்த்தார்கள். பிறகு இடுப்பிலிருந்து போனை எடுத்து மகளுக்கு அடித்தார்கள்.